வார இறுதியில் நண்பர்களோடு போய்வர, கூட்டமில்லாத, கொஞ்சம் வித்தியாசமான யோசனை ஏதாவது சொல்லுங்களேன்?

கேள்வியோடு "மால், தியேட்டர், குற்றாலம் மூன்றும் வேண்டாம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறீர்கள். குற்றாலம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். சீசனில் அங்கே அருவியைவிட ஆள் தலைதான் அதிகம் தெரியும்.

நாங்கள் நாலைந்து நண்பர்கள் அவ்வப்போது ஓடை மீன் பார்க்கப் போவோம். வலை போட்டுத்தான் பார்ப்போம், ஆனால் பிடித்த மீன் வீட்டுக்கு வராது. சின்னக் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீரோடு விட்டு, படம் எடுத்து, என்ன மீன், எந்த இடம், தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவோம். இதைச் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். என் மாமியார் நேராகவே கேட்டுவிட்டார்: "இதுக்கா மாப்ள லீவைப் போட்டுட்டுப் போறிய?"

இடம் கடனாநதி. தென்காசி மாவட்டத்தில் சிவசைலம், ஆழ்வார்குறிச்சி பக்கம் ஓடுகிறதே, அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, அணையில் கொஞ்சம் தங்கி, வயல்களுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. (அந்த ஊர் நாறும்பூநாதர் கோயிலுக்கு மட்டுமல்ல, மருத மரங்களில் வந்து அடையும் பறவைகளுக்கும் பேர் போனது. 2005-ல் அங்கே பறவைகளுக்கென்று ஒரு காப்பிடமே அறிவித்தார்கள். சாயங்காலம் கையில் நேரம் இருந்தால் அங்கேயும் போகலாம்.)

முதலில் அனுமதி விஷயம். அணைக்கு மேலே போனால் காடு. களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் வலை என்ன, காலே வைக்கக்கூடாது. கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் சில மலை ஓடை மீன்கள் அந்த மேட்டில்தான் இருக்கின்றன; அவற்றைப் படத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். நாங்கள் இறங்குவது கீழே, ஊர்களுக்கு நடுவே. எங்கள் குழுவில் ஒருவன் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவன். கடிதம், அனுமதி எல்லாம் அவன் பொறுப்பு. அப்படி ஒரு ஆள் இல்லாமல் வலையோடு இறங்காதீர்கள். சும்மா பார்ப்பதென்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறப் படுத்தாலே பாதி மீன்களைப் பார்த்துவிடலாம்.

வலை கடையில் வாங்கியதில்லை. கொசுவலைத் துணியை இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே தைத்து, அடிப்பக்கம் ஈயக்குண்டு கட்டியது. தண்ணீர் கற்களுக்கு இடையே சலசலவென்று ஓடும் இடத்தில் இரண்டு பேர் வலையைக் குறுக்கே பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆள் மேல் பக்கம் நின்று காலால் கற்களை மெல்லப் புரட்டிக்கொண்டே கீழே வருவான். கல்லுக்கடியில் இருப்பதெல்லாம் ஓட்டத்தோடு வலைக்குள் வந்துவிடும். புரட்டிய கல்லைத் திரும்பப் பழையபடி வைக்க வேண்டும் என்பதில் நம்ம ஆராய்ச்சி மாணவன் கறார். அதன் அடியில் பூச்சிகளின் குஞ்சுகள் ஒட்டியிருக்கும், மீனுக்கு அதுதான் சாப்பாடு.

முதல் வலையிலேயே வருவது பெரும்பாலும் கல்லொட்டி. விரல் நீளம், மங்கிய பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. கண்ணாடிப் பெட்டியில் விட்டால்தான் வேடிக்கை. கொஞ்ச நேரம் அலைபாய்ந்துவிட்டு நம் பக்கத்துக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது வயிற்றுப் பக்கம் முழுசாகத் தெரியும். வாய் முகத்தின் முன்னால் இல்லாமல் அடியில் இருக்கிறது. கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமாக ஒரு சதைத் திண்டு, சுற்றிலும் மெல்லிய விளிம்பு. அந்தத் திண்டை வைத்துத்தான் இழுக்கிற தண்ணீரிலும் பாறையைப் பிடித்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. கண்ணாடியில் பாசி எதுவும் இல்லை என்று தெரிந்தும் வாயை விடாமல் அசைத்துக்கொண்டே இருந்தது ஒன்று. நாங்கள் எல்லோரும் ஃபோனை நீட்டிக்கொண்டு அதன் வாயைப் படம் எடுத்ததைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கல்லொட்டிகளில் களக்காட்டின் பெயரையே தாங்கிய ஒரு வகை உண்டு. நாங்கள் பிடிப்பது பொதுவான வகைதான்.

அங்கிருந்து பத்தடி தள்ளி, தண்ணீர் ஆழமாகி நிதானப்படும் இடத்துக்கு வந்தால் ஆட்களே மாறிவிடுவார்கள். எனக்கு இந்தப் பயணங்களில் பிடித்ததே இதுதான். கரையிலிருந்து பார்க்கும்போது ஒரே ஆறு, ஒரே தண்ணீர். வலை போட்டுப் பார்த்தால், ஓடுகிற தண்ணீரில் இருப்பது தேங்குகிற தண்ணீரில் இல்லை, மணலில் இருப்பது செடியோரத்தில் இல்லை. நாலு இடம் போட்டால் நாலு பட்டியல் வரும்.

நிதானத் தண்ணீரில் மேல்மட்டத்தில் ரஸ்போரா கூட்டம், கறுப்புக் கோடு ஒன்று முகத்திலிருந்து வால்வரை ஓடும். அதற்குக் கீழே கெண்டைப் பொடிகள். எல்லாவற்றையும் ஊரில் "பொடி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தப் பொடிக் கூட்டத்தில்தான் எங்கள் குழு எப்போதும் தேடும் மீன் இருக்கிறது: டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. உலகத்தில் தாமிரபரணி ஆற்றிலும் அதன் கிளைகளிலும் மட்டும் வாழும் கெண்டை. 1954-ல் இ. ஜி. சைலஸ் இதை விவரித்து ஆற்றின் பெயரையே வைத்தார். அவர் பிற்காலத்தில் கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2012-ல் இலங்கையைச் சேர்ந்த ரோஹன் பெத்தியாகொடவும் அவருடைய குழுவினரும் இதையும் இதன் உறவினர்களையும் தனிப் பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுப்பாக) பிரித்து, பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரைச் சூட்டினார்கள். இங்கிலாந்துக்காரர் பெயரும் நம்ம ஆற்றின் பெயரும் ஒரே மீனின் தலையில். பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

குஞ்சாக இருக்கும்போது இதையும் இதன் சொந்தக்கார மீன்களையும் பிரித்துச் சொல்வது எங்களுக்குப் பெரும்பாடு. வளர்ந்த ஆண் என்றால் சந்தேகமே வராது. உடம்பில் கறுப்புத் திட்டுகள், வெயில் படும் கோணத்தைப் பொறுத்து நிறம் மாறும் செதில்கள். முதுகுத் துடுப்பின் கதிர்கள் துடுப்பையும் தாண்டி இழை இழையாக நீண்டிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அப்படி ஒரு ஆண் பெட்டிக்குள் வந்த அன்று பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பன், மீன் என்றால் வறுவல் மட்டுமே தெரிந்தவன், "ஏலே, சீக்கிரம் விட்டுருங்கலே, மூச்சு வாங்குது பாரு" என்று பதறினான். அதற்கு மூச்சு வாங்கவில்லை, பெட்டியில் காற்றுக்குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் உடனே விட்டுவிட்டோம்.

மணல் ஓரத்தில் அயிரை. மதுரைப் பக்கம் அயிரை மீன் குழம்புக்கு இருக்கும் மவுசும் விலையும் உங்களுக்குத் தெரியும். உயிரோடு அது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு. வலையை மணலோடு சேர்த்து வாரினால்தான் வரும், ஏனென்றால் ஆபத்து என்றால் சட்டென்று மணலுக்குள் புதைந்துவிடும். கண் மட்டும் வெளியே தெரியும். தண்ணீரில் காற்றுக் குறைந்தால் மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிக் குடல் வழியாகவே அதிலிருந்து உயிர்க்காற்றை எடுத்துக்கொள்ளும். மணல் இல்லாமல் அயிரை இல்லை. மணல் அள்ளிக் களிமண்ணும் பாறையும் தெரியும் இடங்களில் எத்தனை முறை வாரினாலும் வலை வெறுமையாகத்தான் வருகிறது.

கரையோரப் புல்லுக்குள் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு நீரின் மேல்மட்டத்திலேயே நிற்கும் சின்ன மீன் ஒன்று உண்டு, மேலிருந்து பார்த்தாலே அந்தப் புள்ளி பளிச்சென்று தெரியும். கொசுப்புழு என்றால் அதற்கு உயிர். கொசுவை ஒழிக்க என்று கப்பியையும் கம்பூசியாவையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ஊர் ஊராக விட்டோமே, அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது இதுதான். இப்போது சாக்கடை வந்து சேரும் இடங்களில் வலை போட்டால் கப்பிதான் குவிகிறது.

அப்புறம் ஜிலேபி. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த மீன், இப்போது தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் அங்கே இருக்கிறது. தரைப்பாலத்துக்கு மேல் பக்கம் தண்ணீர் ஓட்டமில்லாமல் நின்றுவிட்டது. அங்கே அடியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வரிசையாகக் குழிகள். எல்லாம் ஆண் ஜிலேபி தோண்டியவை. முட்டையைப் பெண் வாயிலேயே வைத்து அடைகாத்துவிடுவதால் மற்ற மீன்கள் தின்று தீர்க்கவும் வழியில்லை. பிடித்ததைத் திரும்ப விடுவோம் என்ற எங்கள் விதிக்கு ஜிலேபி மட்டும் விலக்கு. பேங்க் நண்பனின் வறுவல் ஆசை அதில் தீரும்.

அந்தத் தரைப்பாலத்துப் பக்கம்தான் ஒரு பெரியவர் வெகுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் பொறுக்காமல் இறங்கி வந்து, "என்ன தம்பி, இந்தப் பொடிய வச்சு என்ன கொழம்பா வைக்கப் போறிய?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, படம் எடுத்துட்டு விட்டுருவோம்."

"விடவா பிடிக்கிய?" என்று சிரித்துவிட்டுப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். ஆரல் எந்தப் பாறை இடுக்கில் இருக்கும், புதுவெள்ளத்தில் எது மேலே ஏறும் என்பதெல்லாம் எங்கள் ஆராய்ச்சி மாணவனுக்கே தெரியாது. அவன் நோட்டில் நாலு பக்கம் எழுதினான். கடைசியில் பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்ப பேட்டரி வச்சு கரண்ட விட்டுல்லா பிடிக்கானுவ. சின்னது பெருசுன்னு எல்லாம் செத்து மெதக்கும்."

மின்சாரம், வெடி, பிளீச்சிங் பவுடர் எல்லாமே நம்ம ஓடைகளில் நடக்கிறது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-லேயே இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்துவிட்டது. தூண்டிலிலும் வீச்சு வலையிலும் பிடிப்பவரால் ஒரு ஓடை காலியாகாது. கரண்ட் வைத்தால் ஒரே ராத்திரியில் அந்த மடுவே முடிந்துவிடும்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். பழைய ஷூவோடு இறங்குங்கள். உடைந்த பாட்டில் இல்லாத படித்துறை இப்போது அபூர்வம். கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், பக்கவாட்டு முள் குத்தினால் அன்று முழுக்கக் கடுக்கும். மற்ற மீன்களைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய்விடும், அப்புறம் எளிதாக நோய் வரும். அழகாக இருக்கிறதே என்று வீட்டுத் தொட்டிக்குத் தூக்கிவராதீர்கள், அலுத்துப்போன தொட்டி மீனைக் கொண்டுபோய் ஆற்றிலும் விடாதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறார்களே, அந்த சக்கர் மீன் பல ஊர்க் குளங்களில் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பது அப்படி விட்டதால்தான். பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் வலை போட ஆசைப்பட்டால், பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டி சேலைகள்தான் முதலில் மாட்டும். அதனால்தான் கடனாநதியைச் சொன்னேன்.

மாதம் என்று கேட்டால் தை கடைசி முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம், தண்ணீரும் கலங்கல். எந்த மாதம் போனாலும் அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று ஊருக்குள் விசாரித்துவிட்டு இறங்குங்கள். எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் மீன்களைத் தெரிந்தவர்கள் யாராவது பெயர் சொல்வார்கள். பக்கவாட்டில், துடுப்பெல்லாம் விரிந்த மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும். கல்லொட்டி என்றால் அடியிலிருந்து வாயையும் எடுங்கள், இல்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திவிடுவார்கள்.