மஞ்சள் கொடி

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 27. நான்கு வருடமாக 200 சிசி பைக் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நண்பர்களுடன் ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பிவிடுவோம். போன மாதம் கொல்லிமலையில், அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது முதல்முறையாக என் முட்டி தார் ரோட்டைத் தொட்டது. நண்பன் எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன். அன்றிலிருந்து பந்தய டிராக்கில் ஓட்ட வேண்டும் என்பதே நினைப்பாக இருக்கிறது. பந்தயத்தில் ஜெயிக்கும் கனவெல்லாம் இல்லை. நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், பணம் கட்டி நம் வண்டியை நாமே ஓட்டிப் பார்க்கும் டிராக் டே ஒன்றுக்குப் பெயர் கொடுக்க இருக்கிறேன். நாற்பது வயதுக்குமேல் நீங்கள் அங்கே போய் ஓட்டியதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். இந்த வண்டியே போதுமா, அல்லது கடன் போட்டுப் பெரிய வண்டி எடுக்கலாமா? லெதர் சூட் விலையைக் கேட்டால் என் ஒரு மாதச் சம்பளம் போய்விடும்போல் இருக்கிறது, அது இல்லாமல் முடியாதா? 27 வயது தாமதமா? எவ்வளவு நாளில் முட்டியை நிலையாகத் தேய்த்து ஓட்ட வரும்? அப்பா, ‘உயிரோடு விளையாடாதே’ என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்,

உங்கள் வீடியோவை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை எல்லோரையும்போல உங்கள் முட்டியைப் பார்த்தேன். இரண்டாம் முறை, நீங்கள் நிமிர்ந்து இரண்டு வினாடிக்குள் மேலிருந்து இறங்கி வந்த ஜீப்பைப் பார்த்தேன். பின்னால் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் முறை உங்கள் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன். வளைவு முடியும் இடத்தை நோக்கி இல்லை. உங்கள் நண்பரின் போனை நோக்கி இருந்தது.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல அங்கே யாருமே இல்லை. இருந்த ஒரே ஆளும் கையில் போன் பிடித்திருந்தார், கொடி பிடித்திருக்கவில்லை. உங்கள் முட்டி தொட்ட அந்தத் தார் அந்த மலைக்காரர்களின் ரோடு. அவர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ரோடு. அங்கே பயிற்சி எடுக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஆனால் டிராக்குக்குப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. எத்தனையோ பேருக்கு அது தோன்றுவதற்குள் வீட்டில் படத்துக்கு மாலை போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விகளை வேகமாக முடிக்கிறேன். வண்டி போதும். கடன் வாங்காதீர்கள். சின்ன வண்டியில் செய்கிற தப்பு உடனே தெரியும். பெரிய வண்டியில் அதை இன்ஜின் மூடிவிடும். சூட் வேண்டும், அதில் பேரம் இல்லை. சில பயிற்சிப் பள்ளிகளில் வாடகைக்குக் கிடைக்கும், முதலில் அதைக் கேளுங்கள். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், மணிக்கட்டை மூடும் கையுறை, முதுகுக் கவசம், முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். 27 வயது ஒரு வயதா? முட்டியைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

வண்டியைத் தயார் செய்வது பெரிய வித்தை இல்லை, உங்கள் மெக்கானிக்கே செய்வார். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் புதிதாக இருக்கட்டும். செயின் தொய்வைப் பாருங்கள். பல இடங்களில் ரேடியேட்டரில் இருக்கும் கூலன்டை வடித்துவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டி விழுந்து கூலன்ட் கொட்டினால் தரை எண்ணெய் தடவியதுபோல ஆகிவிடும், பின்னால் வருகிறவன் விழுவான். கவனியுங்கள், இது உங்களுக்காகச் செய்வது இல்லை, அவனுக்காக. ஹெட்லைட்டிலும் இண்டிகேட்டரிலும் டேப் ஒட்டுவதும் அப்படித்தான். உடைந்த கண்ணாடித் துண்டு அடுத்தவன் டயருக்குப் போகக்கூடாது. ரியர்வியூ கண்ணாடிகளைக் கழற்றிவிடுவார்கள். பின்னால் வருபவரைப் பார்ப்பது உங்கள் வேலையே இல்லை. முந்துகிறவர்தான் பத்திரமாக முந்தப் பொறுப்பு. உங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டுமே உங்கள் பாடு.

இங்கேதான் உங்கள் கடிதம் என்னைத் தொட்டது. அதில் பைக் உண்டு, சூட் உண்டு, முட்டி இரண்டு தடவை வருகிறது. கொடி என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை.

என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ஜோலார்பேட்டையில் வீடு. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போவார். இப்போது அந்த வேலைக்கு டிரெய்ன் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், 2022-இல். வண்டி நிற்காமல் கடக்கும் ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தில் ஒருவர் பச்சைக் கொடி பிடித்து நிற்பார், அப்பா இங்கிருந்து பச்சைக் கொடி காட்டுவார். வண்டி முழுசாக, நல்லபடியாகப் போகிறது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அது. இரவில் விளக்கு. வீட்டில் அம்மா சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் தனித்தனி வாளியில் ஊறவைப்பார், சிவப்புச் சாயம் பச்சையில் இறங்கிவிடும் என்று. போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அந்தக் கொடிகள் கிடைத்தன. பச்சை நன்றாகவே இருந்தது. இரண்டு நாள் அவற்றை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

1984-இல் எனக்கு 12 வயது. அப்பா ரயில்வே பாஸில் சென்னைக்கு அழைத்துப்போய், பஸ் பிடித்து, சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது 1990-இல். அதற்கு முன்பெல்லாம் சோழவரம்தான், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். வெயில், தூசி, திருவிழாபோலக் கூட்டம். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அப்பா வண்டிகளைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் கொடியோடு நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கையை முழுசா நீட்டுறான் பாரு” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடியும் அதையே சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த மனிதரின் மகன் செய்ததைச் சொல்கிறேன்.

2013-இல், 41 வயதில், முதல்முதலாக இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டினேன். 3.7 கிலோமீட்டர் டிராக், 12 வளைவுகள். காலையில் எல்லோரையும் உட்காரவைத்துக் கொடிகளைப் பற்றிச் சொன்னார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வா. சிவப்பும் மஞ்சளும் கோடுகோடாக இருந்தால் தரை வழுக்கும். கறுப்பு உனக்கு மட்டும், உள்ளே வா. எனக்குத் தெரியாததா என்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். கார்டு வீட்டுப் பிள்ளை அல்லவா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது ஓட்டம். ஒரு ஓட்டம் 15, 20 நிமிடம் இருக்கும். எனக்கு முன்னால் ஒரு சிவப்பு வண்டி. காலையிலிருந்து அதைப் பிடிக்க முடியவில்லை. அதன் பின்சக்கரத்தைத் தவிர உலகத்தில் எனக்கு வேறெதுவும் இல்லை. ஒரு வலது வளைவுக்கு முன்னால் அந்த வண்டி திடீரென்று மெதுவாகியது. என் திறமையில் பயந்துவிட்டான் என்று நினைத்து முந்தினேன். வளைவைச் சுற்றியதும் தரையில் ஒரு வண்டி கிடந்தது. அதை ஓட்டியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் குனிந்து அவர் ஹெல்மெட்டுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் நான்கடி இருந்திருக்கும். அதில் ஒருவர் தலை தூக்கிப் பார்த்த முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அடுத்த சுற்றில் எனக்குக் கறுப்புக் கொடி காட்டினார்கள். அதையும் பார்க்கவில்லை. இன்னொரு முழுச் சுற்று ஓட்டினேன். உள்ளே வந்ததும், இன்றைக்கு இவ்வளவுதான், வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் என்றார்கள். கட்டிய பணத்தைப் பற்றி ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அந்த வளைவில் மஞ்சள் கொடியோடு நின்ற பையன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். கல்லூரி மாணவன், இருபது வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். “அண்ணா, நான் உங்களுக்குத்தான் ஆட்டிக்கிட்டே இருந்தேன்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. தான் சரியாக ஆட்டவில்லையோ என்ற சந்தேகம் இருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அடுத்த பந்தய வாரம் போய் அவன் பக்கத்தில் நிற்க அனுமதி கேட்டேன். இரண்டு நாள் நின்றேன். வண்டி ஓட்டியதில் கற்றதைவிட அந்த இரண்டு நாளில் கற்றது அதிகம் என்று அடித்துச் சொல்வேன். பயிற்சியாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

அங்கே நின்றால் முட்டிகள் கண்ணில் படாது, தலைகள்தான் படும். நன்றாக ஓட்டுகிறவருக்கு வண்டி நேராக வரும்போதே தலை வளைவுக்குள் திரும்பிவிடுகிறது. கோழி மாதிரி, உடம்பு ஒரு பக்கம் கழுத்து ஒரு பக்கம். பிரேக் பிடிக்கும் இடத்தைப் பார்க்கிறார், அதை எட்டும் முன்பே வளைவின் உள்விளிம்புக்குப் பார்வை போய்விடுகிறது, அங்கே சேரும் முன்பே வெளியேறும் இடத்துக்குப் போய்விடுகிறது. கண் எப்போதும் வண்டிக்கு ஓர் அடி முன்னால் வீடு கட்டிக்கொண்டே போகிறது. புதியவருக்குத் தலை குனிந்திருக்கும், முன்சக்கரத்தைப் பார்ப்பார். அல்லது தான் பயப்படும் மண் ஓரத்தைப் பார்ப்பார், நேராக அங்கேயே போவார். சைக்கிள் பழகும் பிள்ளை ரோட்டில் கிடக்கும் ஒரே கல்லின்மேல் குறி தவறாமல் ஏற்றுமே, அதேதான். இரண்டாம் நாள் மதியத்துக்குள் யார் மண்ணுக்குள் போகப்போகிறார்கள் என்று எங்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பையன் கொடியைத் தயாராக வைத்துக்கொள்வான்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 28 மீட்டர் போகிறது. அரை வினாடி உங்கள் முட்டியைப் பார்த்தால் 14 மீட்டர், ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் மேல், கண்ணை மூடிக்கொண்டு போனதாக அர்த்தம். அந்த 14 மீட்டரில்தான் கொடி இருக்கும். கொடியைப் பார்க்க முடியாத அளவுக்கு ஒருவன் வேகமாகப் போகிறான் என்றால் அது அவனுடைய வேகம் இல்லை, அவனுக்கு மிஞ்சிய வேகம். இதை எனக்குப் பயிற்சி மைதானத்தில் யாரும் இப்படிச் சொல்லவில்லை, அந்த வளைவின் ஓரத்தில் நின்று நானே கண்டுகொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கொடி மேடையிலும் யார் நிற்கிறார், என்ன நிறத் தொப்பி என்று பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். பார்க்க முடியவில்லையா, ஆக்சிலேட்டரை விடுங்கள். பார்க்க முடிகிறதா, அன்றைக்கு அதுதான் உங்கள் சரியான வேகம். அந்த வேகம் தானாக ஏறும், நீங்கள் ஏற்ற வேண்டியதில்லை. எனக்கு ஏறியது.

உங்கள் அப்பாவைப் பற்றி. டிராக் பத்திரமானது என்று அவரிடம் சொல்லாதீர்கள். அது பொய். 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனான். உங்கள் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். அவர் பயம் நியாயமானது, அதற்குப் பதில் என்று ஒன்று கிடையாது. அங்கே எதிரே ஜீப் வராது, எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும், ஒவ்வொரு வளைவிலும் உங்களைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். இவ்வளவுதான் உண்மை. இவ்வளவை மட்டும் சொல்லுங்கள்.

டிராக் டேவுக்கு இப்போது பெயர் கொடுக்க வேண்டாம். சென்னையிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ அடுத்து பந்தயம் நடக்கும்போது முதலில் வளைவு ஓரத்தில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். அங்கே கொடி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். விடிகாலையில் வந்து, பொட்டலச் சோற்றைத் தின்றுவிட்டு, பெயர்கூடத் தெரியாத உங்களைப்போன்ற ஒருவருக்காகச் சாயங்காலம் வரை நிற்பவர்கள். அவர்களைக் கேளுங்கள், பக்கத்தில் நிற்க விடுவார்களா, எப்படிச் சேர்வது என்று. அப்பாவையும் கூட்டிப்போங்கள். தொப்பியும் இரண்டு லிட்டர் மோரும் எடுத்துக்கொள்ளுங்கள், இருங்காட்டுக்கோட்டை வெயில் விளையாட்டில்லை.

வீடியோவை அழித்துவிடுங்கள். அதை எடுத்த நண்பரையும் அழைத்துப் போங்கள். படம் முழுக்க அவர் கை ஒரு தடவைகூட ஆடவில்லை, கவனித்தேன். கொடி நன்றாகப் பிடிப்பார்.