எட்டு மாதப் பயணமும் ஒரு எக்செல் ஷீட்டும்

வணக்கம்.

நானும் என் கணவரும் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் பேக்பேக்கிங் போகிறோம். ஐரோப்பா, நேபாளம், பெரு என்று உத்தேசம். எந்த இரவு எந்த ஊர், எந்த விடுதி என்று அவர் ஒரு எக்செல் ஷீட்டையே நிரப்பி வைத்திருக்கிறார். எனக்கு அதைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது. போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பொறுப்பில்லாத பேச்சு என்கிறார். கிளம்பும் முன்பே சண்டை. யார் சொல்வது சரி?

— வி.

அன்புள்ள வி.,

அந்த ஷீட்டில் முக்கால்வாசியை அழித்துவிடலாம். மிச்சமுள்ள கால்வாசியில் உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள். அங்கே போகிற போக்கெல்லாம் செல்லாது.

ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. இது 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பிரான்சிலிருந்து இத்தாலிக்குள் போனால் புதிதாகத் தொடங்காது. விசாவில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த நாட்கள் மட்டும்தான். பெருவில் மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையைப் பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் எல்லாரையும் சேர்த்தே நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்தால். நேபாள மலைகளுக்கு மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம். ஆக, எந்த நாட்டுக்கு எப்போது என்பதை விசாவும் பருவமும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. அதை இப்போதே உட்கார்ந்து பூட்டுங்கள். வழியில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடு ஏதாவது வந்தால், ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும். அதையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

விடுதிப் பதிவெல்லாம் ஒவ்வொரு நாட்டிலும் முதல் இரண்டு மூன்று இரவுகளுக்குப் போதும். விசாவுக்காகக் கேட்டால் அது வேறு.

இறுக்கமான திட்டத்தில் எனக்குள்ள பயம் வேறு. அது ஒருவரிடமிருந்து ஒருவரை உண்மையை மறைக்க வைக்கும். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்கும் பாதையையே பாருங்கள். 3000 மீட்டருக்கு மேல் போனதும், இரவு தூங்கும் உயரத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வெடுக்க வேண்டும். அந்தப் பாதையில் கடக்க வேண்டிய தோரோங் லா கணவாய் 5416 மீட்டர். இரண்டு உடம்பும் அந்த உயரத்துக்கு ஒரே வேகத்தில் பழகாது. உங்களுக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது, அவர் ஜம்மென்று இருக்கிறார், நாளைக்கு மேல் ஊரில் அறை போட்டாயிற்று. என்ன செய்வீர்கள்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்பீர்கள். மலையில் ஆபத்தான சொல் அதுதான். உயரம் ஒத்துக்கொள்ளாத அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது, கூடினால் இறங்கிவிட வேண்டும். நாலைந்து நாள் சும்மா கிடக்கும்படி திட்டத்தில் இடம் விட்டிருந்தால் தலைவலியை வாய்விட்டுச் சொல்லத் தயக்கம் வராது.

அப்புறம் சண்டை. அது வரத்தான் செய்யும், பெரும்பாலும் ஒரு ஊரில் போய் இறங்கிய முதல் அரைமணி நேரத்தில். ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பீர்கள், தோளில் பை அறுக்கும், போனில் ஆறு சதவீதம் சார்ஜ், மேப் ஒரு பக்கம் காட்டும், ஆட்கள் வேறு பக்கம் கை காட்டுவார்கள். அப்போது இரண்டு பேரும் முடிவெடுக்கப் போனால் தொலைந்தது. இன்று ஒருவர், நாளை மற்றவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் அறைக்குப் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. பையைச் சுமப்பதைவிட இது கஷ்டம், உங்கள் கணவருக்குக் கூடுதலாகவே.

வாரத்தில் ஒரு நாள் தனித்தனியே சுற்றுங்கள். பணத்தில் பொதுச் செலவு போக, கணக்குக் கேட்காத ஒரு தொகை ஆளுக்குக் கொஞ்சம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டையும் கார்டையும் அவரவர் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வேறு வங்கிக் கார்டாக இருந்தால் நல்லது. எல்லாம் ஒரே பையில் இருந்து அந்தப் பை போனால் இரண்டு பேரும் தெருவில்தான்.

காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல பாலிசிகள் ஓர் உயரத்துக்கு மேல் மலையேற்றத்தைச் சேர்ப்பதில்லை. ஹெலிகாப்டரில் இறக்குவதற்கும் பணம் தருவார்களா என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.