எங்கள் சாலைச் சுரங்கத்தில் காற்று இறக்கத்தை நோக்கி ஓடுகிறது. தீயின்போது ஜெட் ஃபேன் ஓடியும் புகை திரும்பி வருவது ஏன்?

காற்றின் வேகம் போதவில்லை. எல்லா ஜெட் ஃபேன்களும் (காற்றைச் சுரங்கத்தின் நீளவாக்கில் தள்ளும் விசிறிகள்) ஓடியும் சூடான புகை காற்றை எதிர்த்துக் கூரையை ஒட்டித் திரும்பி வந்தால் அதுதான் பொருள். பெரிய லாரித் தீக்கு நொடிக்குச் சுமார் 3 மீட்டராவது வேண்டும்.

உங்கள் சுரங்கத்தில் காற்று இறக்கத்தை நோக்கி ஓடுகிறது என்கிறீர்கள். சூடான புகை மேட்டுப் பக்கம்தான் ஏறப் பார்க்கும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஃபேன்களிலிருந்து நன்றாகத் தள்ளி, குறுக்குவெட்டில் பல புள்ளிகளில் வேகத்தை அளந்து சராசரி எடுங்கள். ஒரே புள்ளியை நம்பாதீர்கள். அப்புறம் தீக்கு அருகில் உள்ள ஃபேனை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அது ஓடினால் புகையைக் கீழே கலக்கிவிடும்.

இருவழிச் சுரங்கம் என்றால் தயவுசெய்து வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். தீக்கு இரு பக்கமும் ஆட்கள் சிக்கியிருப்பார்கள். 1999இல் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, இத்தாலியப் பக்கம் செலுத்திய காற்று புகையைப் பிரெஞ்சுப் பக்கம் தள்ளியது. அந்தத் தீயில் 39 பேர் இறந்தார்கள்.