போனை டெட்டோல் போட்டுத் துடைக்கலாமா? வீட்டில் போன், லப்டொப்பை எப்படிச் சுத்தம் செய்து கிருமி நீக்குவது?

டெட்டோல் வேண்டாம். அது தண்ணீரில் கலந்து காயத்துக்கும் தரைக்கும் பாவிக்கிற சாமான். அதற்குள் எண்ணெயும் சவர்க்காரமும் இருக்கின்றன. திரையில் பிசுபிசுவென்று படியும், கலந்த தண்ணீர் ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இறங்கும். குளோரின், கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் இரண்டுக்கும் இதே பதில்தான்.

சுத்தம் செய்வது எப்படி என்று கேட்டால், நான் கிளிநொச்சிப் பக்கம் இருப்பதால் முதலில் புழுதியைப் பற்றித்தான் சொல்வேன். இந்த விஷயத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் பாதி, ஏசி அறைக்குள் இருப்பவர்களுக்கு எழுதியவை. "மென்மையான ஈரத்துணியால் துடைக்கவும்" என்று தொடங்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில் கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடிவிட்டு வந்து அப்படித் துடைத்தால், திரையை நீங்களே கீறுகிறீர்கள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் 7. சாதாரண போன் கண்ணாடி 6 வந்தாலே கீறுபடத் தொடங்கும். நம் ஆட்கள் போனை எடுத்ததும் சாரத்தில் ஒரு தேய், சட்டையில் ஒரு தேய். புதுப் போனின் திரை சீக்கிரமே மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் எந்தச் சாமானையும் முதலில் காய்ந்த நிலையில் தட்ட வேண்டும், ஈரம் பிறகு. போனை ஓஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, கவரையும் கழற்றுங்கள். கவருக்குள் சேர்ந்திருக்கும் செம்மண்ணைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். சிலிக்கன் கவர் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடலாம். போனை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியோடு தருகிற துணியால் துடைத்தால் பெரும்பாலான நாட்களுக்கு அதுவே போதும்.

சார்ஜ் ஓட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கால்சட்டைப் பையின் நூல்தும்பும் புழுதியும் அதற்குள் இறுகி அடியில் பாய் போலப் படிந்துவிடும். அறுவடைக் காலத்தில் வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் நெல்லின் சுணையும் சேரும். வயர் முழுதாக உள்ளே போகாது, அசைத்து அசைத்துத்தான் சார்ஜ் ஏறும். புது வயர் வாங்குவதற்கு முன், போனை ஓஃப் செய்துவிட்டு, பல்லுக் குத்தும் மரக்குச்சியால் ஓரமாக மெதுவாகக் கிளறிப் பாருங்கள். ஊசி வேண்டாம். ஈர்க்கும் வேண்டாம், நுனி உள்ளே முறிந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் போகும். டயர் கடைக் கொம்பிரசர் காற்றைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் வேகம் அதிகம், காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

இனி கிருமி. பார்மசியில் 70 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோல் கேட்டு வாங்குங்கள். போத்தலில் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 99 இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கிருமியின் புரதத்தைக் குலைக்க கொஞ்சம் தண்ணீரும் தேவை, 99 அதற்கு முன்பே ஆவியாகிவிடும். துணியில் ஊற்றிப் பிழிந்து துடையுங்கள், போனில் நேராக அடிக்காதீர்கள். துடைத்த இடம் அரை நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். 2020 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனமே 70 சதவீத அல்கஹோல் துடைப்பானால் மென்மையாகத் துடைக்கலாம் என்று தன் வழிகாட்டலை மாற்றியது. ஆனால் தினமும் வேண்டாம். கைரேகை படியாமலிருக்க திரையில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய கை ஜெல்லும் சரிவராது, கிளிசரின் ஒட்டும்.

எப்போது செய்யலாம்? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம், கண் நோய் என்றால். ஒரு போனையே அம்மா, அப்பம்மா, பிள்ளைகள் எல்லோரும் மாறி மாறி எடுக்கிற வீட்டில் இது பயனுள்ள வேலை. டெங்குப் பயத்தில் போனைத் துடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது நுளம்பின் வேலை, போத்தலை வைத்துவிட்டு முற்றத்தில் கிடக்கிற சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.

லப்டொப்பை ஓஃப் செய்து, கவிழ்த்து, மெதுவாகத் தட்டி, கீபோர்ட் இடுக்கை பிரஷ்ஷால் கூட்டுங்கள். பட்டன்களுக்கு அதே அல்கஹோல் துணி சரி. திரைக்கும் ரிவிக்கும் அது வேண்டாம், லேசாக நனைத்துப் பிழிந்த துணி போதும். கீபோர்ட்டில் பிஸ்கட் தூள் கிடந்தால் எறும்பு வரும். ரவுட்டருக்குள் குடியேறிய எறும்புக்கு மருந்து அடிக்காதீர்கள், வயரைக் கழற்றி வெளியே தட்டுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்குப் புழுதியைவிட உப்புத்தான் பிரச்சினை. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். கடலுக்குப் போகும்போது சொப்பிங் பையில் சுற்றினாலும், வந்தவுடன் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்துங்கள். போன் கடலில் விழுந்தால் ஓஃப் செய்து, சார்ஜ் போடாமல், அன்றைக்கே திருத்துகிற கடைக்குக் கொண்டு போங்கள். அரிசிக்குள் புதைப்பதை மட்டும் விடுங்கள். நெல் விளைகிற ஊரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், ஆனாலும் அரிசித் தூள் ஓட்டைக்குள் போய் இன்னும் கெடுக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது.