சின்ன நாய்க்கு வேலி: காசை அடிப்பக்கம் போடுங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் வீடு, எட்டு சென்ட். மூன்று பக்கம் காம்பவுண்ட் சுவர். பின்பக்கம் மட்டும் பழைய கையாலை, அதாவது மண்ணும் கல்லும் அடுக்கிய எல்லைச் சுவர். அதைத் தாண்டினால் ரப்பர் தோட்டம். எங்களிடம் மூன்று வயது ஆண் பொமரேனியன் இருக்கிறான். அடிக்கடி பின்பக்கமாக ஓடிவிடுகிறான். போன மாதம் தெருநாய்கள் துரத்தி, காதில் கடிபட்டு வந்தான். ஆறடிக்கு முள்கம்பி போடுங்கள் என்கிறார் ஒருவர், தகரம் அடியுங்கள் என்கிறார் இன்னொருவர். எது சரியாக இருக்கும்?

பதில்: முதலில் அந்தக் கடி, வேலி அப்புறம். காதில் சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்து விட்டிருந்தால், இன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடித்த தெருநாய்க்கு வெறிநோய் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. வருடாவருடம் தடுப்பூசி போடுகிற நாயாக இருந்தாலும், கடிபட்டால் மறுபடியும் ஊசி உண்டு. ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று விட வேண்டாம். வீட்டில் யாராவது அந்தப் புண்ணை வெறுங்கையால் கழுவியிருந்தால், அவர்களும் அரசு மருத்துவமனையில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, வேலிக்கு வருவோம். உங்களுக்கு யோசனை சொன்ன இரண்டு பேருமே உயரத்தை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். பொமரேனியன் உயரம் உள்ள நாய் மேலே தாண்டிப் போவது அபூர்வம். அது நுழைந்து போகும், இல்லை தோண்டிப் போகும். உங்கள் வேலிக்கு நாலு அடி உயரம் தாராளம். மிச்சப்படும் காசைத் தரையிலிருந்து முதல் ஒரு அடியில் போடுங்கள்.

முள்கம்பி மாட்டுக்கானது. இரண்டு கம்பிக்கு நடுவில் உங்கள் பையன் குனியாமலே போய்விடுவான். அவசரத்தில் பாய்ந்தால் உரோமம் முள்ளில் சிக்கும், கண்ணும் கிழியலாம். வீட்டு நாய்க்கு முள்கம்பியே வேண்டாம். தகரம் அவ்வளவு மோசமில்லை. வெளியே நடப்பது தெரியாததால் குரைப்பு குறையும். ஆனால் நம் ஊரில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஈர மண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும். அந்த விளிம்பு கத்தி, அதன் கீழே தோண்டுகிற நாயின் முன்னங்கால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது செயின் லிங்க் கம்பி வலை. அதிலும் கண், அதாவது வலையின் ஓட்டை, எவ்வளவு பெரியது என்பது முக்கியம். கடையில் விலை கேட்டால் மூன்று அங்குலக் கண் வலையைத்தான் மலிவாகக் காட்டுவார்கள்; கம்பி குறைவு, அதனால் விலையும் குறைவு. பொமரேனியனைப் பார்த்தால் பெரிய ஆளாகத் தெரியும். குளிப்பாட்டும்போது பாருங்கள், உரோமம் உடம்போடு ஒட்டியதும் உள்ளே இருப்பவன் எவ்வளவு சின்னவன் என்று தெரியும். அந்த ஈரத்தோடு, காதுகளுக்குச் சற்றுக் கீழே, தலையின் அகலத்தை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். வலையின் கண் அதில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. முழுத் தலையும் போகிற கண் என்றால் உடம்பும் போய்விடும். அதைவிட ஆபத்து, பாதி போகிற கண். முன்னால் தள்ளும்போது காது மடங்கி உள்ளே போகும். பின்னால் இழுக்கும்போது காதும் தாடையும் மாட்டிக்கொள்ளும். பயந்து இழுக்க இழுக்கக் கழுத்து வீங்கும், கடைசியில் கம்பியைத்தான் வெட்ட வேண்டி வரும். குட்டிகளுக்கு இது சாதாரணமாக நடக்கிறது.

அதனால் மேலே இரண்டு அங்குலக் கண் செயின் லிங்க், கீழே ஒரு அங்குலக் கண் வெல்ட் மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை). கம்பியின் கேஜை, அதாவது தடிமனைச் சொல்லும் எண்ணை, கேட்டு வாங்குங்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். பத்து கேஜ் என்றால் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பன்னிரண்டு என்றால் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். இரண்டில் எதுவும் சரி. பதினாலு வேண்டாம், வெளியிலிருந்து தெருநாய் காலை ஊன்றி ஏறினாலே தொய்ந்துவிடும். கோழி வலை கோழிக்கு மட்டும்.

இனி அடிப்பக்கம். வெல்ட் மெஷ் இரண்டு அடி அகலத்தில் வாங்கி, நீளவாக்கில் சரிபாதியாக மடக்குங்கள். ஒரு அடி வேலியோடு நிமிர்ந்து நிற்கட்டும், செயின் லிங்கோடு கம்பியால் கட்டிவிடலாம். மற்ற ஒரு அடி உங்கள் முற்றத்துப் பக்கமாகத் தரையில் படுக்கட்டும். நாலு விரல் மண்ணை எடுத்துவிட்டு அதைப் பரப்பி, மறுபடி மண் போட்டு, மேலே கல் பாவி விடுங்கள். நாய் தோண்டுவது எப்போதும் வேலியின் காலடியில்தான். நகத்தில் கம்பி தட்டினால் பக்கத்தில் இன்னொரு இடம் பார்க்கும், அங்கும் கம்பி. ஒரு அடி பின்னால் வந்து தோண்டினால் தப்பலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. பெரும்பாலான நாய்கள் சில நாளில் விட்டுவிடும். டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர்கள் மட்டும் படுக்கிற பாகத்தை இரண்டு அடியாக்குங்கள். வளைக்குள் இறங்கி வேட்டையாடவென்றே ஜெர்மனியில் உருவாக்கிய இனம் அது, லேசில் விடாது.

கையாலை மேலே தூண் நட வேண்டாம். மண்ணும் கல்லும் அடுக்கியது, நல்ல மழைக்கு ஒரு பக்கம் சரிந்தால் வேலியும் கூடவே சரியும். ஒரு அடி உள்ளே தள்ளி ஆறடி சிமெண்ட் தூண் அல்லது கல்தூணை ஒன்றரை அடிக்குக் குறையாமல் இறக்குங்கள். பத்தடிக்கு ஒன்று போதும். மேலேயும் நடுவிலும் கீழேயும் முறுக்குக் கம்பி இழுத்துக் கட்டினால்தான் வலை விறைப்பாக நிற்கும். கீழ்க் கம்பியை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. அங்கேதான் மூக்கை விட்டுத் தூக்கிக்கொண்டு போகும். கையாலைப் பொந்துகளில் கீரியும் பாம்பும் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வேலிக்கும் கையாலைக்கும் நடுவில் புல் மண்ட விடாதீர்கள்.

அந்த ரப்பர் தோட்டம் இன்னொரு தலைவலி. பால் வெட்டுகிறவர் விடியுமுன் தலையில் விளக்கோடு வருவார், உங்கள் ஆள் வேலியோரம் ஓடி ஓடிக் குரைப்பான். கீழ் மூன்று அடிக்குப் பச்சை நிழல் வலை கட்டினால் பார்வை மறையும், பாதிக் குரைப்பு அடங்கும். இன்னொரு லாபம், தெருநாயும் இவனும் மூக்கோடு மூக்கு வைக்க முடியாது. உங்கள் ஊருக்கு இது சரி. ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அந்தக் காற்றில் நிழல் வலை பாய்மரம் மாதிரி உப்பித் தூணையே சாய்த்துவிடும்.

கடற்கரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றுக்குச் சாதாரண துத்தநாகப் பூச்சுக் கம்பி வெகுநாள் நிற்காது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வாங்கி, வெட்டிய முனைகளுக்கெல்லாம் பெயிண்ட் அடியுங்கள். முடிந்தால் கீழே இரண்டு வரிசை ஹாலோபிளாக் கட்டி அதன்மேல் வலை போடுங்கள், மணலில் அதுதான் உறுதி. பழைய மீன்வலையை வேலியாகக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் கடித்து விழுங்கும், காலில் சுற்றிக்கொள்ளும். சாரைப்பாம்பு அதில் சிக்கி உயிரோடு துடிக்கும்போது நம் நாய் போய் வாயை வைக்கும்.

வேலியோரம் பூச்செடி வைக்க ஆசைப்பட்டால் செம்பருத்தி வையுங்கள். அரளி ஆகாது, செவ்வரளியும் சரி, மஞ்சள் அரளியும் சரி. இலை, பூ, காய் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், அந்த உடம்புக்குக் கொஞ்சம் போதும். யாராவது கரண்ட் வேலி யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பது குற்றம், நாய்க்கு முன்னால் மனிதர் சாகலாம்.

பின்பக்கத்தை அடைத்ததும் அவன் முன்பக்கத்தைப் பார்ப்பான். கிரில் கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் நாலு அங்குலம் இருக்கும், கீழே இடைவெளி வேறு. கேட்டின் கீழ்ப் பாதிக்கு உள்பக்கம் அதே வெல்ட் மெஷ்ஷைக் கட்டி, தரைக்கும் கேட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் விடுங்கள். சுவரில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டைகளுக்குக் கம்பிச் சட்டம் வையுங்கள். செங்கல் வைத்து அடைத்தால் முற்றத்தில் தண்ணீர் கட்டும். வேலியோரம் விறகோ தேங்காய்த் தொண்டோ குவித்திருந்தால் அகற்றிவிடுங்கள், நாலு அடி வேலிக்கு அது படிக்கட்டு.

வேலை முடியும்வரை சங்கிலியில் கட்டிப்போடுவதாக இருந்தால், சுவருக்கும் வேலிக்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். தாண்டப் போய் மறுபக்கம் தொங்கிச் செத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஆண் நாய் என்கிறீர்கள். கருத்தடை செய்யவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் பேசுங்கள். பெட்டை வாடை வந்த நாட்களில் எந்த வேலியையும் ஒரு கை பார்ப்பான். அறுவை சிகிச்சைக்குப் பின் இந்தச் சுற்றல் பல நாய்களுக்குக் குறைகிறது.

முதல் பெருமழை விட்டதும் குடையை மடக்கிவிட்டு வேலியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மண் அரித்து மெஷ் வெளியே தெரிகிற இடத்தில் அன்றைக்கே ஒரு சட்டி மண்ணும் நாலு கல்லும் போட்டுவிடுங்கள்.