கேள்வி–பதில்: காட்டெருமைத் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து?

கேள்வி: என் மகன் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை பார்க்கிறான். அங்கே முறையாக உரிமம் பெற்று 375 ஹாலண்ட் மேக்னம் ரைபிள் வைத்திருக்கிறான். காட்டெருமை வேட்டைக்குத் தோட்டாக்களைத் தானே நிரப்பப் போகிறானாம். இருப்பதிலேயே சக்தி வாய்ந்த வெடிமருந்து எது என்று உங்களிடம் கேட்கச் சொன்னான்.
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஐயா, தம்பியிடம் முதலில் சக்தி என்ற பேச்சை விடச் சொல்லுங்கள். நான் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். கார்டைட் என்பது புகையில்லாத் துப்பாக்கி மருந்து. 1889இல் வந்த முதல் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். சக்திக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தச் சூடு குழலின் உட்புறத்தை அரித்துத் தின்றது. அதனால்தான் பிற்பாடு 30 பங்காகக் குறைத்தார்கள்.

பார்க்க வேண்டியது எரியும் வேகம். பனையோலையும் தீதான், புளியங்கட்டையும் தீதான். எந்த அடுப்புக்கு எது என்பதே கேள்வி. 375இல் போடும் குண்டு வழக்கமாக 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவு கனமான குண்டு அசைந்து கொடுக்க நேரம் எடுக்கும். கைத்துப்பாக்கி மருந்தைப் போல விரைந்து எரிவதைப் போட்டால், குண்டு நகரும் முன்பே அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். மிக மெதுவாக எரிவதைப் போட்டாலோ பாதி மருந்து எரியாமல் குழல் வாயில் நெருப்பாகக் கொட்டும், குண்டுக்கு வேகம் வராது. நடுத்தரமும் அதைவிடச் சற்று மெதுவானதும்தான் இந்தத் தோட்டாவுக்குப் பொருந்தும். அந்த நாட்டுச் சோம்கெம் மருந்துகளில் எஸ்321 வேகமானது, எஸ்385 மெதுவானது; எண் ஏற ஏற வேகம் குறையும். அமெரிக்க மருந்து கிடைத்தால் 4350 வகை பலர் விரும்புவது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஐஎம்ஆர் பெயரில் வரும் 4350 வேறு, ஹாட்ஜ்டன் பெயரில் வரும் ஹெச்4350 வேறு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது.

இரண்டு மருந்து பொருந்துகிறது என்றால், பித்தளைக் கூட்டை அதிகம் நிரப்புவதையே நான் தேர்ந்தெடுப்பேன். கவனக்குறைவாக இரண்டு முறை கொட்டினால் அது வெளியே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் வேக மருந்தோ இரட்டிப்பானாலும் கண்ணுக்குத் தெரியாது. கை போய்விடும், ஐயா.

அடுத்தது வெயில். மருந்து சூடேறினால் அழுத்தமும் ஏறும். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம்; அந்தக் குளிரில் சோதித்து உச்ச அளவில் நிரப்பிய தோட்டா, பிப்ரவரி வெயிலில் நின்ற காருக்குள் கிடந்தால் வேறு தோட்டாவாகிவிடும். சித்திரையில் சேலம் பஸ் நிலையத்தருகே காரை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தவர்களுக்கு அந்தச் சூட்டை நான் விளக்க வேண்டியதில்லை. 1912இல் இந்தத் தோட்டா பிறந்தபோதே வெப்ப நாடுகளை நினைத்துத்தான் கூட்டை மேல்நோக்கி ஒடுங்கிச் செல்லும்படி அமைத்தார்கள். சூட்டிலும் இறுகிக்கொள்ளாமல் வெளியே வரும். ஆஸ்திரேலியாவில் தயாராகும் ஹெச்4350 போன்ற சில மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் ஆடாதவை. காட்டெருமையின் முன்னால் நிற்கப்போகிறவர் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அத்தகைய மருந்தை எடுப்பதே நல்லது.

மருந்துக் கம்பெனி அச்சிட்ட அட்டவணையின் தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகத்தான் ஏற வேண்டும். போல்ட் கைப்பிடி இறுகினாலோ, கூட்டின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர் தட்டையாகிப் போனாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அட்டவணைக்குக் கீழே போவதும் ஆபத்துதான். மெதுவான மருந்தைக் குறைத்துப் போட்டு ரைபிள்கள் வெடித்ததுண்டு. நிரப்பும்போது மேசைமேல் ஒரே ஒரு டப்பா இருக்கட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டில் தாத்தாவின் இரட்டைக்குழல் ரைபிள் இருக்கிறது. ‘500 எக்ஸ்பிரஸ்’ என்று பொறித்திருக்கிறது. இன்றைய மருந்தை நிரப்பி ஒரே ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, நாகலூர்

பதில்: வேண்டாம், அம்மா. 500 எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் பழைய கரிமருந்துக்கான ரைபிளும் உண்டு, இன்றைய புகையில்லா மருந்துக்கானதும் உண்டு. எது என்பதைக் குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைதான் சொல்லும். கரிமருந்துக் குழலில் இன்றைய மருந்தைப் போட்டால் குழல் பிளக்கும். மேலும் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். தாத்தாவின் உரிமம் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. உங்கள் பெயரில் உரிமம் இல்லையென்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, பிறகு விண்ணப்பம் போடுங்கள். தாத்தா காலத்து வேட்டையும் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு போயிற்று, போனதே நல்லது. சேர்வராயன் மலையில் காட்டுமாடு இன்னும் மேய்கிறதே, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: பரணில் பழைய துப்பாக்கி மருந்து டப்பா ஒன்று கிடைத்தது. நல்லதா, கெட்டதா என்று எப்படித் தெரியும்?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: நல்ல மருந்தில் ஈதர் போன்ற கரைப்பான் வாசனை இருக்கும். கெட்டதில் புளிப்பு நெடி, செம்பழுப்புத் தூள், டப்பாவின் உட்புறத்தில் துரு இவை தெரியும்; அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். ஆனால் இதைச் சோதிக்கும் வேலை உங்களுடையதல்ல. டப்பாவைத் திறக்காதீர்கள், பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துச் செல்லாதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், இன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துப் போவார்கள்.