தாமரைத் தொட்டியில் நியூட்டா?

வெள்ளவத்தை வீட்டுத் தாமரைத் தொட்டியில் வாலும் நாலு காலுமாக ஒன்று நீந்துகிறது, நியூட்டா (பல்லி மாதிரி உடலும் வாலும் கொண்ட, தவளைக்கு உறவான நீர்நில உயிர்) என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, இலங்கைக் காடுகளில் நியூட் கிடையாது. பெரும்பாலும் அது தவளையாக மாறிக்கொண்டிருக்கும் தலைப்பிரட்டை. அடுத்த குஞ்சுகளைக் கவனியுங்கள்: தவளைக்குப் பின்னங்கால்தான் முதலில் வெளியே தெரியும். நியூட் குஞ்சுக்கு முன்னங்கால் முதலில் முளைக்கும், தலையோரம் இறகு மாதிரிச் செவுள்களும் நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம், தொட்டியில் ஒரு கல்லை நீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். வால் சுருங்கும் நேரத்தில் ஏறி உட்கார இடமில்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

காட்டு நியூட்டையே பார்த்தாக வேண்டுமென்றால் மழைக்காலத்தில் டார்ஜிலிங் மலைக் குளங்களுக்குப் போகலாம். செலவைக் கேட்டால் தலை சுற்றும்! மழை விட்ட மாலையில் கொழும்புக்குப் பக்கத்திலிருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் தவளைச் சத்தம் கேட்பது எனக்குப் போதும்.